‘டெட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் உச்சரிக்கப்படாத ‘பி’ எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஆங்கில ஆசிரியை

வணக்கம். தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் நடுநிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். எழுதப்பட்டும் உச்சரிக்கப்படாத எழுத்துகளை, அதாவது ‘சைலன்ட் லெட்டர்’ என்று வகுப்பில் நாம் சொல்பவற்றை, அண்மையில் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், வங்கியில் கொடுக்கும் டெபிட் கார்டில் பி என்ற எழுத்தைச் சொல்கிறோம், கடன் என்று பொருள்படும் டெட் என்ற சொல்லிலும் அதே பி இருக்கிறதே, அதை மட்டும் ஏன் சொல்வதில்லை?” என்று கேட்டாள். அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்று அவளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் உள்ள பயிற்சிக் கையேடு, இத்தகைய எழுத்துகள் அனைத்தும் ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டவை என்றும், ஒலி தேய்ந்து மறைந்த பிறகும் எழுத்து மட்டும் தங்கிவிட்டது என்றும் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கடனைக் குறிக்கும் டெட், ஐயத்தைக் குறிக்கும் டௌட், பணம் பெற்றதற்கு அத்தாட்சியான ரிசீட், தீவைக் குறிக்கும் ஐலண்ட் ஆகிய நான்குக்கும் இந்த விளக்கம் பொருந்துமா? டெபிட்டும் டெட்டும் உண்மையிலேயே உறவுடைய சொற்களா? கூடவே இன்னொன்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நாம் வழங்கும் ‘ரசீது’, ரிசீட் என்பதன் திரிபு என்று உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

பதில் 1: சொல்வழி

அம்மா, உங்கள் மாணவி கேட்டது ஆங்கில எழுத்து வரலாற்றின் முக்கியமான முடிச்சொன்றைத் தொடும் கேள்வி. டெபிட், டெட் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் கையேடு தரும் விளக்கம், நீங்கள் குறிப்பிட்ட நான்கு சொற்களில் ஒன்றுக்குக்கூடப் பொருந்தாது. ஆங்கிலம் பேசியவர்கள் அந்தப் பி-யை எந்தக் காலத்திலும் பொதுவழக்கில் உச்சரித்ததில்லை. அது பேச்சில் இருந்து உதிர்ந்த எழுத்தன்று. கற்றவர்கள் பிற்காலத்தில் வலிந்து நுழைத்த எழுத்து.

லத்தீனில் ‘தேபிதும்’ என்றால் ‘செலுத்தவேண்டியது’ என்று பொருள். லத்தீன் பேச்சுவழக்கு மெல்ல மெல்லப் பிரெஞ்சு மொழியாக உருமாறிய நூற்றாண்டுகளில் இச்சொல்லின் நடுவே இருந்த பகர ஒலி முற்றாக மறைந்துவிட்டது. 1066-இல் நார்மண்டியர் இங்கிலாந்தைக் கைப்பற்றி, அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சத் தொடங்கிய பின், வரி, வழக்கு, வணிகம் தொடர்பான நூற்றுக்கணக்கான சொற்களோடு இதுவும் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோதே பி இல்லாமல்தான் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கான்டர்பரி கதைகளின் முன்னுரையில் வணிகர் ஒருவரை அறிமுகப்படுத்தி, அவர் கடன்பட்டிருந்தது எவருக்கும் தெரியாது என்று எழுதுகிறார். அந்த வரியில் கடனுக்கான சொல் டி, இ, டி, டி, இ என்ற எழுத்துகளோடு நிற்கிறது. எழுத்தும் ஒலியும் அங்கே ஒத்துப்போகின்றன.

அதன் பின்னர் வந்த மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் ஏற்பட்ட மதிப்பு, தாய்மொழிச் சொற்களை அவற்றின் செவ்வியல் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது. மூலத்தில் பி இருக்கிறது, நம் சொல்லில் காணோம், ஆகவே நம் சொல் சிதைந்த வடிவம் என்று கருதிய அறிஞர்களும் எழுத்தர்களும் அதை ‘மீட்டு’ எழுதத் தொடங்கினார்கள். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இந்த வழக்கம் பரவி நிலைத்தது. ஐயத்தைக் குறிக்கும் டௌட் என்ற சொல்லின் கதையும் இதுவே. அதன் மூலம் லத்தீனின் ‘துபிதாரே’. பிரெஞ்சு எழுத்தர்களும் இதே வேலையைச் செய்தார்கள் என்பதையும், பிற்காலத்தில் அவர்கள் அந்தப் பி-யை நீக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்றைய பிரெஞ்சில் இவ்விரு சொற்களிலும் பி கிடையாது. ஆங்கிலம் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டது.

டெபிட் என்பதோ கணக்குப் பதிவேடுகளின் வழியே லத்தீன் உருவத்தைப் பெரும்பாலும் அப்படியே தாங்கி வந்த சொல். அதனால் அதில் எழுத்தும் உண்டு, ஒலியும் உண்டு. ஒரே மூலம் இரண்டு வழிகளில் வந்ததால்தான் ஒன்று ஒலிக்கிறது, மற்றொன்று ஒலிக்கவில்லை என்று உங்கள் மாணவியிடம் தயங்காமல் சொல்லலாம்.

அந்தக் காலத்திலேயே இது சச்சரவுக்குரிய பொருளாக இருந்தது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 1598-இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஹோலோஃபெர்னிஸ் என்ற பள்ளி ஆசிரியர் வருகிறார். டெட், டௌட் ஆகிய சொற்களில் பி-யை விட்டுவிட்டுப் பேசுகிறவர்களைக் கண்டு அவர் கொதிக்கிறார். எழுத்தெழுத்தாகச் சொல்லிக்காட்டி, பி-யோடு உச்சரிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார். அவருடைய பண்டிதச் செருக்கைப் பார்த்து மக்கள் சிரிக்க வேண்டும் என்பதே காட்சியின் நோக்கம். சாதாரண மக்கள் பி-யைச் சொல்லவில்லை, படித்தவர்களில் சிலர் அதைத் திணிக்க முயன்றார்கள் என்ற இரண்டும் அந்த ஒரு காட்சியிலிருந்தே விளங்கும்.

ஐலண்ட் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. பி-க்காவது லத்தீனில் ஆதாரம் இருந்தது. ஐலண்டில் உள்ள எஸ்-க்கு அந்த ஆதாரமும் இல்லை. அது லத்தீனிலிருந்து வந்த சொல்லே அன்று, தூய ஆங்கிலச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘ஈய்’ என்றாலே தீவுதான். அதோடு நிலத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்து ‘ஈய்லாண்ட்’ ஆயிற்று. கென்ட் கடற்கரையை ஒட்டிய ஷெப்பி என்ற தீவின் பெயரில் அந்த ‘ஈய்’ இன்றும் இறுதியசையாக நிற்கிறது. செம்மறித் தீவு என்பது அப்பெயரின் பொருள். தீவுக்குப் பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்ற வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தது. அது லத்தீனின் ‘இன்சுலா’விலிருந்து வந்தது, ஆகவே அதில் எஸ் எழுதுவதற்கு நியாயம் உண்டு. இரண்டுக்கும் பொருளும் ஒன்று, ஒலியும் நெருக்கம் என்பதால் உறவென்று தவறாக எண்ணி, 16ஆம் நூற்றாண்டில் ஐலண்டிலும் எஸ்-ஐச் செருகிவிட்டார்கள். அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட தம் அகராதியில், இதை அபத்தமான கூட்டுச்சொல் என்றே கண்டித்து எழுதினார். கண்டித்தும் பயனில்லை. தேவாலயத்தில் இருக்கை வரிசைகளுக்கு இடையே உள்ள நடைவழியையும், இப்போது விமானத்தில் உள்ள நடைவழியையும் குறிக்கும் மற்றோர் ‘ஐல்’ உண்டு. ‘இறக்கை’ என்று பொருள்படும் லத்தீன் சொல் அதன் மூலம். அதற்கும் தீவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அதற்குள்ளும் இதே எஸ் புகுந்துவிட்டது.

பதில் 2: அச்சுக்கூடம்

மேலே உள்ள பதிலோடு அச்சகங்களின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அறிஞர் ஒருவர் தம் கையெழுத்துப் படியில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவதால் மட்டும் மொழி மாறிவிடாது. அது நூற்றுக்கணக்கான படிகளாக ஒரே வடிவில் பரவினால்தான் நிலைபெறும். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியபோது, ஆங்கில எழுத்துமுறை ஊருக்கு ஒரு விதமாக இருந்தது. அவர் அதற்கு முன்னர் நெடுங்காலம் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் வணிகராக வாழ்ந்தவர். அச்சுத்தொழிலை ஐரோப்பிய நிலப்பரப்பில்தான் கற்றார்.

அந்தத் தொடர்பின் தடயம் ஒன்று இன்றும் கண்முன் இருக்கிறது. ஆவி, பேய் என்று பொருள்படும் கோஸ்ட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் ஹெச் இல்லாமல்தான் எழுதப்பட்டது. புரூஜ் பகுதியில் பேசப்படும் பிளெமிஷ் மொழியில் அதற்கு இணையான சொல்லை ஜி-ஐ அடுத்து ஹெச் சேர்த்து எழுதுவார்கள். அந்த வழக்கம் காக்ஸ்டனின் அச்சில் புகுந்தது. 16ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பொதுவழக்காகிவிட்டது. ஆகவே கோஸ்ட்டின் ஹெச், லத்தீன் பற்றினால் வந்ததும் அன்று, தேய்ந்த ஒலியின் எச்சமும் அன்று. அச்சுக்கோத்த கைகளின் பழக்கம் அது.

அச்சு எழுத்துமுறையை உறையவைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் அனைத்தும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து நின்றுவிட்டது, பேச்சு நகர்ந்துகொண்டே போனது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் சொல்வதற்கும் இடையே நம் மாணவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதிக்கு இந்தக் காலப்பொருத்தமின்மையே காரணம்.

ஆங்கில ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. விளக்கத்தைப் படித்தபோது இரண்டு ஐயங்கள் எழுந்தன. முதலாவது, ரிசீட்டில் உள்ள பி-யும் (நான் சொல்வது ஆங்கில எழுத்து வரிசையில் ஓ-வை அடுத்து வருவது) லத்தீனிலிருந்து நுழைக்கப்பட்டது என்றால், வஞ்சகத்தைக் குறிக்கும் டிசீட், தற்பெருமையைக் குறிக்கும் கன்சீட் ஆகியவற்றில் அது ஏன் இல்லை? மூன்றும் ஒரே குடும்பமாகத்தானே தோன்றுகின்றன? இரண்டாவது, கையேடு சொல்வது முற்றிலும் தவறா? வீரரைக் குறிக்கும் நைட், கத்தியைக் குறிக்கும் நைஃப் போன்றவற்றில் முதலில் நிற்கும் கே-யும் இப்படி நுழைக்கப்பட்டதுதானா?

பதில் 3: சொல்வழி

முதல் ஐயத்தில் நீங்கள் சொல்வது சரி. மூன்றும் ‘பிடி, எடு’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. மூன்றுமே பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்து இல்லை. சீர்திருத்தக்காரர்கள் மூன்றிலும் அதைச் சேர்க்கவே முயன்றார்கள். டிசீட் என்பதை அந்த எழுத்தோடு எழுதிய பழைய அச்சுப்பக்கங்கள் உண்டு. ஆனால் வழக்கம் ரிசீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுக்கு இந்த முரண் நன்றாகவே தெரியும். தம் முன்னுரையில் டிசீட்டையும் ரிசீட்டையும் பெயர் சுட்டி, பெரும்பான்மையோர் எழுதும் வழக்கத்துக்கு இணங்கியே இவற்றை வேறுவேறாக எழுதுவதாக அவர் குறிப்பிடுகிறார். அந்த அகராதிக்குக் கிடைத்த மதிப்பு, முரணையும் சேர்த்து நிலைப்படுத்திவிட்டது. இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு விதியைக் கற்பித்துத் தரவேண்டாம் என்பது என் கருத்து. இல்லாத விதியை உருவாக்கிக் கொடுப்பதைவிட, மூன்றில் ஒன்று மட்டும் இப்படி ஆயிற்று என்று சொல்வதே நேர்மை.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். நைட், நைஃப், முழங்காலைக் குறிக்கும் நீ, அறிதலைக் குறிக்கும் நோ ஆகியவற்றுக்குக் கையேடு சொல்வது முழுக்கப் பொருந்தும். இந்தக் கே உண்மையாகவே ஒலித்தது. வீரரைக் குறிக்கும் நைட், பழைய ஆங்கிலத்தில் ‘க்னிஹ்ட்’ போல ஒலித்தது. ‘இளைஞன், பணியாள்’ என்பதே அதன் பழைய பொருள். நடுவில் உள்ள ஜி-ஹெச் அப்போது வெறும் எழுத்தன்று. தொண்டைப்பகுதியிலிருந்து உரசிவரும் ஹகரம் போன்ற ஒலி அதற்கு இருந்தது. சாசர் காலத்தவர் இச்சொல்லின் எல்லா மெய்களையும் ஒலித்தே பேசினார்கள். உள்ளே இருந்த உரசொலி முதலில் மங்கியது. முதலில் நின்ற ககரம் 17ஆம் நூற்றாண்டுவாக்கில் தேய்ந்தது. எழுத்துமுறை அதற்குள் அச்சில் உறைந்துவிட்டதால் எழுத்துகள் அப்படியே நின்றன.

இரண்டு வகையையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு: உடன்பிறந்த மொழியைப் பார்ப்பது. ஜெர்மனும் ஆங்கிலமும் ஒரே மூதாதை மொழியின் கிளைகள். முழங்காலை ஜெர்மானியர் இன்றும் ‘க்னீ’ என்று ககரத்தை வாய்விட்டு ஒலித்தே சொல்கிறார்கள். நைட்டுக்கு இணையான சொல் அவர்களிடம் ‘க்னெஹ்ட்’. அது வேலையாளைக் குறிக்கிறது. பிரபுக்களின் அவையில் இடம்பெற்ற சொல்லும் பண்ணையில் உழைப்பவரைக் குறிக்கும் சொல்லும் ஒரே பிறப்பு என்பது தனியே வியக்கத்தக்க செய்தி. எனவே கே இயல்பான எழுத்து என்று துணியலாம். அதே முறையில் டெட்டை அதன் பிரெஞ்சு மூலத்தோடு வைத்துப் பார்த்தால் அங்கே பி இல்லை. ஆகவே நம் கண்முன் இருக்கும் பி பிற்காலத்துச் செருகல்.

இரண்டிலும் அடங்காதவையும் உண்டு. ‘முடிந்தது’ என்ற பொருளில் வரும் குட் என்ற துணைவினையில் உள்ள எல், லத்தீனிலிருந்தும் வரவில்லை, பேச்சிலும் இருந்ததில்லை. அதன் தோழமைச் சொற்களான ஷுட், வுட் இரண்டிலும் எல் இயல்பாகவே இருந்தது. ஒருகாலத்தில் ஒலிக்கவும் செய்தது. அவற்றிலும் அது ஒலியிழந்து வெறும் எழுத்தாக நின்றபோது, மூன்றும் ஒரே சாயலில் இருக்கட்டும் என்று குட்டிலும் எல் எழுதப்பட்டது. மகிழ்ச்சியைக் குறிக்கும் டிலைட் என்பதில் உள்ள ஜி-ஹெச்சும் இப்படியே, ஒளியைக் குறிக்கும் லைட்டைப் பார்த்து வந்தது. இரண்டுக்கும் பிறப்பில் உறவில்லை.

பதில் 4: மொழிபெயர்ப்பு மேசை

மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் வேண்டாத வேலை செய்தார்கள் என்ற தொனி மேலே சற்றே மேலோங்கியிருக்கிறது. அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஐலண்ட் விஷயத்தில் அவர்கள் பிறழ்ந்தார்கள் என்பது மறுக்க முடியாதது. கத்தரிக்கோலைக் குறிக்கும் சிசர்ஸ் என்பதில் எஸ்-ஐ அடுத்துச் சி-யைச் செருகியதும் பிழையான வேர்ச்சொல் ஆய்வின் விளைவே. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்த டார்மிகன் என்ற பறவைப் பெயருக்கு முன்னால், அது கிரேக்கச் சொல் என்ற நினைப்பில் ஓ-வை அடுத்து வரும் பி-யைச் சேர்த்ததை எவராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் டெட்டின் பி அப்படியன்று. அந்த எழுத்து இல்லாவிட்டால், டெட்டுக்கும் டெபிட்டுக்கும் உறவுண்டோ என்று ஒரு பள்ளி மாணவிக்குத் தோன்றியிருக்குமா? டௌட்டுக்கும், ‘ஐயத்துக்குரிய’ என்று பொருள்படும் டூபியஸுக்கும் உள்ள உறவும் இப்படி எழுத்தில்தான் தெரிகிறது. ஒலியைக் காட்டுவது போலவே சொற்குடும்பத்தைக் காட்டுவதும் எழுத்தின் பணிகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. நுழைக்கப்பட்ட எழுத்துகள் எல்லாம் ஊமையாகவே இருந்துவிடவில்லை; பல சொற்களில் எழுத்து பேச்சையே மாற்றிவிட்டது. குற்றம், குறை என்று பொருள்படும் ஃபால்ட் என்பதில் எல் பிற்காலச் செருகல். 18ஆம் நூற்றாண்டிலும் அதை ஒலிக்காமல் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பது அக்காலக் கவிதைகளின் இயைபுத்தொடையிலிருந்து தெரியவருகிறது. இன்று எல்லோரும் அந்த எல்-ஐச் சொல்கிறார்கள். சாசர் ‘பார்ஃபிட்’ என்று எழுதிய சொல், இடையில் சி சேர்க்கப்பட்டு, அந்தச் சி ஒலிக்கவும் தொடங்கி, பெர்ஃபெக்ட் ஆகிவிட்டது. அட்வெஞ்சரில் உள்ள டி-யும் அவ்வாறே வந்து ஒலிபெற்றது. டெட்டின் பி ஏன் இவ்வாறு ஒலிபெறவில்லை என்றால், தினந்தோறும் வாயில் புழங்கும் ஓரசைச் சொல்லை எழுத்தால் அசைப்பது கடினம் என்பது என் ஊகம்.

தமிழில் எழுதும் நமக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. லண்டன் வழியே ஓடும் ஆற்றை நாம் தேம்ஸ் என்று எழுதுகிறோம். ஆங்கிலேயர் சொல்வது டெம்ஸ். அந்தப் பெயரின் பழைய ஆங்கில வடிவத்திலும் லத்தீன் வடிவத்திலும் ஹெச் இல்லை. கிரேக்கச் சாயல் தருவதற்காக அது பின்னர் சேர்க்கப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் ஒருநாளும் சொல்லாத அந்த எழுத்தை, அச்சில் மட்டுமே பார்த்த நாம் ஒலியாக்கிவிட்டோம். மீன்கடைகளிலும் உணவுப் பொட்டலங்களிலும் சால்மன் என்று எழுதப்படும் மீனும் அப்படித்தான். அந்த எல் லத்தீனைப் பார்த்துச் சேர்த்தது, ஆங்கிலத்தில் ஒலிப்பதில்லை. தேம்ஸ் என்பதை இனி மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது தமிழில் வேரூன்றிய பெயர். ஆங்கிலம் பேசும்போது மட்டும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பதில் 5: பழஞ்சுவடி

ரசீது பற்றி எவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அது ரிசீட்டின் திரிபு அன்று. பாரசீகத்தில் ‘ரசீதன்’ என்றால் வந்துசேர்தல். ‘ரசீத்’ என்றால் வந்துசேர்ந்தது. பணமோ பொருளோ வந்துசேர்ந்ததற்கான சீட்டுக்கு அதுவே பெயராகி, உருது, இந்தி வழியாகத் தமிழுக்கும் வந்தது. தாசில்தார், ஜமாபந்தி, பாக்கி, வசூல் என்று வருவாய் நிர்வாகத்தில் நாம் வழங்கும் சொற்கள் வந்த அதே வழி. வசூல் என்ற சொல்லின் அரபு மூலத்துக்கும் ‘வந்தடைதல்’ என்பதே அடிப்படைப் பொருள் என்பதைப் பார்த்தால், வசூலும் ரசீதும் ஒரே கருத்திலிருந்து பிறந்திருப்பது தெரியும். ரிசீட்டோ ‘பெற்றுக்கொள்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டின் ஒலியும் பயனும் ஒத்திருப்பது தற்செயல்.

ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே இன்னோர் உறவு ஒளிந்திருக்கிறது. சமையல் குறிப்பைக் குறிக்கும் ரெசிப்பி, அதே லத்தீன் வினையின் ஏவல் வடிவம். ‘எடுத்துக்கொள்’ என்பது அதன் பொருள். மருத்துவர்கள் மருந்துச்சீட்டின் தலைப்பில் ஆர் எழுத்தின் காலில் குறுக்குக்கோடு இட்டு எழுதும் அடையாளம் அந்த ஏவலின் சுருக்கமே. ரிசீட் என்ற சொல்லும் நெடுங்காலம் சமையல் குறிப்பையும் மருந்துக் குறிப்பையும் குறித்து வழங்கியது. ஆகையால் பழைய ஆங்கிலச் சமையல் புத்தகம் எதிலாவது அச்சொல்லைக் கண்டால், மாணவர்கள் அதைக் கடைச்சீட்டு என்று பொருள்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.